'வேண்டாம்' என்று சொல்ல ஒரு ஆள்

காசு கட்டி வேட்டைக்குப் போகிறவர் வழிகாட்டியிடம் எதை எதிர்பார்க்கலாம்? நல்ல கூடாரம், சூடான சாப்பாடு, குறிக்கு வாகாக ஒரு மிருகம் என்று பட்டியல் போடுவார்கள். என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்றுதான்: "வேண்டாம், சுடாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல்.

"வேட்டையே பாவம், இதுல எதிர்பார்ப்பு ஒரு கேடா?" என்பீர்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுவோம். ஜிம்பாப்வேயில் அது சட்டம் அனுமதித்த தொழில். தொழில் என்றால் அதற்கொரு அறம் வேண்டாமா?

2015 ஜூலையில் ஹ்வாங்கே தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே சிசில் என்ற சிங்கம் கொல்லப்பட்டது. அதன் கழுத்தில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மாட்டிய ஜிபிஎஸ் பட்டை இருந்தது. அம்பு எய்தவர் ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர். அவர் கட்டியது சுமார் 50,000 டாலர் என்றன செய்திகள். அம்பு பட்ட சிங்கம் பல மணி நேரம் உயிரோடு கிடந்தது. அந்த நிலத்துக்குச் சிங்க ஒதுக்கீடே இல்லை என்றது வனவிலங்கு ஆணையம். உலகம் கொதித்தபோது மருத்துவர் சொன்னதன் சாரம் இதுதான்: வழிகாட்டிகளை நம்பினேன், எல்லாம் சட்டப்படி என்று நினைத்தேன். ஆவணங்கள் சரியாக இருந்ததால் அவர் மேல் வழக்கில்லை. வழிகாட்டி மேல் போட்ட வழக்கும் 2016இல் தள்ளுபடி. ஆக, யாருமே தப்பு பண்ணல. சிங்கம்தான் செத்துப்போச்சு.

எனக்குக் கோபமே அந்த 'நம்பினேன்' மேல்தான். வழிகாட்டியின் கண்ணை வாடகைக்கு எடுக்கலாம். நாணை விடும் விரல் உங்களுடையதுதானே?

ஆப்பிரிக்க வேட்டை ஒப்பந்தங்களில் பரவலாக ஒரு விதி உண்டு. மிருகத்துக்குக் காயம் பட்டுவிட்டால், அது கைக்குக் கிடைக்காவிட்டாலும் முழுக் கட்டணம். அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். மொத்த ஒப்பந்தத்திலும் நேர்மையான வரி அதுதான். நீங்கள் குறி தவறினால், காயம்பட்ட மிருகத்தைத் தேடிப் புதருக்குள் முதலில் நுழைவது வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும்தான்.

அதனால் முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். நிலம் யாருடையது? இந்த மிருகத்துக்கு அங்கே ஒதுக்கீடு இருக்கிறதா? காகிதத்தைக் காட்டுவீங்களா? கடைசியாக எப்போது ஒரு வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பினீங்க?

"கவலையே படாதீங்க சார், நிச்சயம் கிடைக்கும்" என்று பதில் வந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நிச்சயமாகக் கிடைப்பதற்குப் பேர் வேட்டை இல்லை, கசாப்புக்கடை.