பிஎச்.டி ஆய்வேடு: மார்க் போடுவது யார், 6 மாதக் கெடு யாருக்கு?

டிகிரிக்கு மார்க்‌ஷீட் உண்டு. பிஎச்.டி ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. ‘ஏற்கலாம்’, ‘திருத்த வேண்டும்’, ‘நிராகரிக்கலாம்’ என்ற பரிந்துரைதான் முடிவு. பல ஆண்டு உழைப்பு, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் கையில். இந்தியாவில் இது எப்படி நடக்கிறது?

யார் படிக்கிறார்கள்?

யுஜிசி-யின் 2022 விதிமுறைகளின்படி, நெறியாளரும் குறைந்தது 2 புறத்தேர்வாளர்களும் ஆய்வேட்டை மதிப்பிட வேண்டும். புறத்தேர்வாளர்கள் அதே நிறுவனத்தில் பணியாற்றக் கூடாது. முடிந்தவரை ஒருவர் வெளிநாட்டைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இவர்களின் பெயர்ப் பட்டியலைப் பரிந்துரைப்பதே நெறியாளர்தான்.

காப்பி இருந்தால்?

2018 விதிமுறைப்படி, மேற்கோள், நூற்பட்டியல் போன்றவற்றைக் கழித்துவிட்டு ஒற்றுமை பார்ப்பார்கள். 10% வரை நடவடிக்கை இல்லை. 10-40% என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-60% என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியையே தர முடியாது. 60%-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

ஒருவர் ‘வேண்டாம்’ என்றால்?

இரண்டு புறத்தேர்வாளர்களும் ஏற்றால்தான் வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா. ஒருவர் நிராகரித்தால் ஆய்வேடு மாற்றுத் தேர்வாளருக்குப் போகும். அவரும் கைவிரித்தால் பட்டம் இல்லை. வைவாவை ஆன்லைனிலும் நடத்தலாம். சக ஆய்வாளர்களும் மாணவர்களும் வந்து கேட்கலாம்.

சிக்கல் எங்கே?

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து வைவா முடிவு வரை எல்லாம் 6 மாதத்தில் முடிய வேண்டும் என்கிறது விதி. ஆனால், அந்தக் கெடு பல்கலைக்கழகத்துக்கு. தேர்வாளரோ வெளியாள், வகுப்பு, தேர்வு, சொந்த ஆய்வு என்று தன் வேலைக்கு நடுவே படிப்பவர். அவர் தாமதித்தால் நினைவூட்டல் அனுப்பலாம், ஆளை மாற்றலாம். மாற்றினால் புதியவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும், மறுபடியும் காத்திருப்பு.

இதன் சுமை விழுவது ஆய்வாளர் தலையில். யுஜிசி-யின் ஜேஆர்எஃப் உதவித்தொகை அதிகபட்சம் 5 ஆண்டுகள்தான். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகு அந்தப் பணம் வராது. பட்டமும் கையில் இருக்காது. பட்டம் கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

என்ன செய்யலாம்?

சமர்ப்பித்த தேதியை எழுத்துப்பூர்வமாக வாங்கி வைப்பது முக்கியம். 6 மாதக் கணக்கு தொடங்குவது அங்கிருந்துதான். பல்கலைக்கழகங்கள் தங்கள் பங்குக்கு, ஆய்வேடு வருவதற்கு முன்பே தேர்வாளர்களின் சம்மதத்தைப் பெற்றுவைக்கலாம். அறிக்கை வந்ததா, இல்லையா என்பதை ஆய்வாளர் ஆன்லைனில் பார்க்க வழி செய்யலாம். கறாராக மதிப்பிடட்டும், தப்பில்லை. கிடப்பில் போடுவது மதிப்பீடு ஆகாது.