கார் கை மாறினால் போதாது. பெயரும் மாற வேண்டும்!

பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவர் தெரிந்த மனிதர். விலையும் கட்டுப்படியாகிறது. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கிவிட்டால் கார் உங்களுடையது ஆகிவிடுமா?

ஆகாது! ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு அவரே சொந்தக்காரர். வண்டி உங்கள் வாசலில் நிற்கலாம். பெட்ரோல் நீங்கள் போடலாம். ஆனாலும் ஏட்டில் உள்ள பெயர்தான் பேசும்.

இந்த ஒரு விஷயம் தெரியாததால் வாங்கியவரும் விற்றவரும் கோர்ட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆகவே இதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள்.

மலை ஊரில் கார் எதற்கு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சேர்வராயன் மலையில் மஞ்சக்குட்டை போன்ற ஊர்கள் இருக்கின்றன. காபியும் மிளகும் விளைகிற பூமி. நடு இரவில் குழந்தைக்கு ஜுரம் அதிகமாகி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால் சேலத்துக்கு இறங்க வேண்டும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியுமா?

அதனால் கார் என்பது அங்கே ஆடம்பரம் அல்ல. அவசியம். புதுக் கார் வாங்க முடியாத குடும்பம் பழைய காரைத் தேடுவதில் தவறே இல்லை. வீட்டுப் பெண்ணின் நகையை அடகு வைத்து, சீட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்குகிறவர்கள் உண்டு.

ஆனால், வாங்கும் முறை எப்படி இருக்கிறது? டீக்கடையில் பேச்சு முடிகிறது. அட்வான்ஸ் கை மாறுகிறது. "அண்ணே, நமக்குள்ளே என்ன? பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் ஒருவர். "அதற்கென்ன தம்பி!" என்கிறார் மற்றவர். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

கோவையில் நடந்தது

2022-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி. கோவை உக்கடம் பகுதியில், கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு அதிகாலையில் ஒரு கார் வெடித்துச் சிதறியது. காரில் இருந்தவர் இறந்துபோனார். நாடே பரபரப்பு அடைந்தது. வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமைக்குப் போயிற்று.

போலீசார் முதலில் எதைத் தேடினார்கள்? அந்தக் கார் யாருடையது என்பதைத்தான். அது பழைய மாருதி கார். பல பேர் கைக்கு மாறி வந்த கார். ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போய் விசாரிக்க வேண்டியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். எப்போதோ விற்றுவிட்டு மறந்துபோன கார். அதன் நம்பரைப் பிடித்துக்கொண்டு போலீசார் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். "நான் விற்றுவிட்டேன் ஐயா" என்று சொன்னால் போதுமா? "யாரிடம்? எப்போது? எழுத்து எங்கே?" என்று கேட்பார்களே! அப்போது எதைக் காட்டுவீர்கள்?

சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பு

இது வடக்கே நடந்த வழக்கு. 2009-ம் ஆண்டு மே மாதம் ஒரு காலை வேளை. பின்னோக்கி வந்த கார் ஒன்று, நடந்து போனவர்கள் மீது மோதியது. ஒருவர் இறந்தார். ஒரு பெண் காயம் அடைந்தார். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. அப்படியானால் நஷ்டஈட்டை யார் கொடுப்பது?

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர், "நான் 2007-லேயே விற்றுவிட்டேன்" என்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருந்தார். அவரும் வேறு ஒருவருக்கு விற்றிருந்தார். இப்படிக் கார் கை மாறிக்கொண்டே போயிற்று. ஏட்டில் பெயர் மட்டும் மாறவில்லை.

2018-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. ஏட்டில் பெயர் உள்ளவர்தான் சொந்தக்காரர். அவரே பொறுப்பு என்பது தீர்ப்பு. உயிரைப் பறிகொடுத்த குடும்பம், யார் யாருக்கு விற்றார் என்று தேடி அலைய வேண்டியது இல்லை என்றும் கோர்ட்டு கூறியது.

'விற்ற பிறகும் அவர் தலையிலா? இது என்ன நியாயம்?' என்று கேட்கலாம். அடிபட்டவர் பக்கம் நின்று பாருங்கள். நியாயம் புரியும்.

வாங்கியவருக்கு என்ன நஷ்டம்?

"பொறுப்பு விற்றவருக்குத்தானே! எனக்கு என்ன?" என்று வாங்கியவர் நினைத்தால் அதுவும் தப்பு.

பெயர் மாறாத காரை நீங்கள் முறையாக இன்னொருவருக்கு விற்க முடியாது. போலீசார் வண்டியைப் பிடித்து வைத்தால், மீட்பதற்கு ஏட்டில் உள்ளவரைத் தேடி ஓட வேண்டும். அவர் வெளியூர் போயிருந்தால்? மனம் மாறியிருந்தால்? இறந்தே போயிருந்தால்? முழுப் பணம் கொடுத்தும் நீங்கள் மூன்றாம் மனிதராக நிற்பீர்கள்.

சிலர், ஒன்றும் எழுதாத படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். 'எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம்' என்பது அவர்கள் கணக்கு. இது இருபுறமும் கூரான கத்தி. அந்தக் காகிதம் யார் கையில் சிக்கும், அதில் என்ன தேதி எழுதப்படும் என்று விற்றவருக்குத் தெரியாது. விற்றவர் இறந்துவிட்டால், வாங்கியவருக்கு அது வெறும் காகிதம்.

விற்க அவருக்கு உரிமை உண்டா?

1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் ஒரு எளிய உண்மையைச் சொல்கிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. சாதாரணமாகத் திருட்டுக் காரை எத்தனை பேர் நல்ல எண்ணத்தோடு வாங்கி விற்றாலும், பறிகொடுத்தவருக்கே அது சொந்தம். பணம் கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தெரிந்தே வாங்கினால் ஜெயில் தண்டனையும் உண்டு.

ஆகவே என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் பாருங்கள். புத்தகத்தில் உள்ள நம்பரோடு ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் பேரத்தை நிறுத்துங்கள்.

விற்பவர் வேறு, புத்தகத்தில் உள்ளவர் வேறு என்றால் இன்னும் ஜாக்கிரதை. "அப்பா கார்தான். அப்பா காலமாகிவிட்டார்" என்பார்கள். பாவம், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் இறந்தவர் பெயரில் உள்ள காரை வாரிசு முதலில் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். மரணத்தை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தவர் மூன்று மாதம் வரை வண்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குள் பெயரை மாற்ற மனுப் போட வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதிக்கிறார்களா என்றும் கேளுங்கள். அண்ணன் விற்க, தங்கை வழக்குப் போட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

கடன் தீர்ந்ததா?

பாங்கியிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ கடன் வாங்கி எடுத்த கார் என்றால், அந்த விவரம் ஆர்.சி. புத்தகத்திலேயே பதிவாகி இருக்கும். "கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் கொடுத்தவர் 35-ம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டிலிருந்து அந்தப் பதிவு நீங்க வேண்டும். நீங்காமல் வாங்கினால், அவர் வைத்த பாக்கிக்கு உங்கள் வாசலில் இருந்து வண்டியை இழுத்துப் போவார்கள்.

இன்சூரன்ஸ் மயக்கம்

"இன்சூரன்ஸ் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது" என்று சொல்லி விற்பார்கள். அது பாதி உண்மை. கார் கை மாறும்போது, மற்றவர்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பாதுகாப்பு வாங்கியவருக்கும் தொடர்கிறது. ஆனால் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு? அது தானாக மாறாது. வாங்கியவர் 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் இருந்து, கொண்டை ஊசி வளைவில் கார் தடுப்புச் சுவரில் மோதினால் ரிப்பேர் செலவு உங்கள் கையைக் கடிக்கும்.

விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகக் கம்பெனி கொடுக்கும் தள்ளுபடியும் காருக்கு உரியது அல்ல. ஆளுக்கு உரியது. அது விற்றவரோடு போய்விடும்.

வெளி மாநிலக் கார், வயதான கார்

பெங்களூரிலிருந்து வந்த கார் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்குள்ள ஆபீசிலிருந்து ஆட்சேபனை இல்லை என்ற சான்று வர வேண்டும். தமிழ்நாட்டு வரியைக் கட்டி, இங்கே நம்பர் வாங்க வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகும் மலிவுதானா என்று கணக்குப் போடுங்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 2025-ல், 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. 14 வயதுக் காரை வாங்குகிறவர் இதையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

1. முதலில் வண்டி நம்பரை மத்திய சர்க்காரின் 'பரிவாகன்' தளத்தில் போட்டுப் பாருங்கள். செல்போனிலேயே பார்க்கலாம். இன்சூரன்ஸ், கடன் விவரம் தெரியும். அபராதப் பாக்கி இருந்தால் அதையும் பாருங்கள். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பார்த்துச் சொல்வார்கள்.

2. ஆர்.சி. புத்தகத்தின் அசலைப் பாருங்கள். ஜெராக்ஸ் காப்பியை நம்பாதீர்கள்.

3. விற்பனையை எழுத்தில் வையுங்கள். விலை, தேதி, வண்டியை ஒப்படைத்த மணி, இரண்டு சாட்சிகள் - எல்லாம் இருக்கட்டும். மணி எதற்கு என்று கேட்காதீர்கள். காலையில் விற்ற கார் மாலையில் விபத்தில் சிக்கலாம்.

4. 29, 30-ம் எண் படிவங்களை முழுவதும் நிரப்பிய பிறகே கையெழுத்து. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

5. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கெடு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மறுநாளே செய்யுங்கள்.

6. பணத்தைப் பாங்கி மூலம் கொடுங்கள். ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு தருவதாகப் பேசி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

7. நடுவில் பழைய கார் வியாபாரி இருந்தால், அவரிடம் ஆர்.டி.ஓ. கொடுத்த அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அதற்கு விதி உண்டு. தனி மனிதரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பும் இல்லை. அவர் வியாபாரி அல்ல என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதும் எளிது அல்ல. சிவில் கோர்ட்டுதான் கதி.

கேட்டால் கோபிப்பார்களா?

"நம்ம ஊர்க்காரர். பெயர் மாற்று, எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது? மனம் நோகுமே!" என்று பலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம்தான் எல்லா வம்புக்கும் வேர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அவர்கள் என்ன நம்பிக்கை இல்லாதவர்களா? கணக்குச் சரியாக இருந்தால்தான் உறவு நிலைக்கும் என்று அறிந்தவர்கள். காணி நிலம் வாங்கினால் அண்ணன் தம்பிக்குள்ளும் பத்திரம் பதிவு செய்கிறோம். யாரும் கோபிப்பது இல்லை. உயிரைக் காக்கவும் வல்லது, பறிக்கவும் வல்லது கார். அதற்கு மட்டும் வாய்ச்சொல் போதுமா?

மலையிலிருந்து சேலத்து ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போகும். பஸ் செலவு ஆகும். உண்மைதான். ஆனால் கோர்ட்டுக்கு அலையும் நாட்களுக்கு யார் கூலி தருவார்கள்? பெயர் மாற்றக் கட்டணம், காரின் விலையோடு பார்த்தால் சொற்பம்.

இதை வீட்டுப் பெண்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறோம். கார் வாங்க நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள். "ஆர்.சி. புத்தகத்தில் நம்ம பெயர் என்றைக்கு வரும்?" தேதி சொன்னால் கொடுங்கள். "அப்புறம்" என்றால், நகை பெட்டியிலேயே இருக்கட்டும்!