தால் ஏரி பாடம் நடத்தட்டும்

காஞ்சிபுரத்து மார்கழிக் குளிருக்கு ஒரு சால்வை போதும். அந்த ஊர் மாணவர் ஆங்கிலத் தேர்வுக்காக 'ஃப்ரீஸ் ஓவர்', 'ஐஸ் ஓவர்', 'ஃப்ராஸ்ட் ஓவர்' படித்தால், மூன்றுக்கும் 'உறைதல்' என்றெழுதி உருப்போடுவதே வழக்கம்.

மூன்றும் ஒன்றல்ல. ஏரியின் மேற்பரப்பு பனிக்கட்டியாகிவிட்டால் முதலாவது. சாலையிலோ இறக்கையிலோ பனிக்கட்டி படிந்தால் பெரும்பாலும் இரண்டாவது. கண்ணாடியில் வெண்ணிறமாக உறைபனி பூத்தால் மூன்றாவது. 'ஓவர்' இங்கே சொல்வது பரப்பை மூடுவதைத்தான். ஏரியின் அடியில் தண்ணீர் தண்ணீராகவே கிடக்கும். 4 டிகிரி செல்சியஸில்தான் நீருக்கு அடர்த்தி அதிகம். அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே தங்கி, அங்கேயே உறைகிறது. அறிவியல் ஆசிரியர் ஐந்து நிமிடம் கடன் கொடுத்தால் (கொடுப்பாரா என்பது வேறு விஷயம்) ஆங்கில வகுப்பு எளிதாகிவிடும்.

உதாரணம் தேடி லண்டன் போக வேண்டாம். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் தால் ஏரி மேலே உறைந்தது. நம் உதகையிலேயே, தலைகுந்தா புல்வெளியும் நிறுத்திவைத்த வண்டிகளின் கூரையும் டிசம்பர், ஜனவரி விடியலில் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்தும் கருகும்.

அர்த்தப் பட்டியலைக் குறைத்து, இந்தக் காட்சிகளின் படங்களைப் பாடநூலில் சேர்க்க வேண்டும். அதுவரை ஆசிரியர்களே தங்கள் கைப்பேசியில் காட்டலாம்.