கிருமிக்குக் கிடைக்கும் அவகாசம்

2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் கெடாவின் குபாங் பாசு வட்டாரத்தில் பரவிய கோவிட் தொற்றுத் திரளுக்குச் சுகாதார அமைச்சு ‘சிவகங்கை’ என்று பெயரிட்டது. தமிழகத்துச் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டுத் தனிமையை மீறியதில் தொடங்கிய அந்தத் தொற்று, நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து, பெர்லிஸ், பினாங்கு வரை எட்டியது. ஆகஸ்ட் 16 அன்று, அத்திரளின் மூன்று மாதிரிகளில் டி614ஜி என்ற மாற்றம் இருப்பதாகச் சுகாதாரத் தலைமை இயக்குநர் நூர் ஹிஷாம் அப்துல்லா அறிவித்தார். நாடே அந்த எழுத்துகளை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது. வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளில், 614-ஆவது இடத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. வைரஸ் பரவுவதை அது எளிதாக்கியது.

உள்ளே புகுந்தபின் அந்த வைரஸ் செய்யும் வேலையைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. அதை மியூனிக் பல்கலைக்கழகத்தின் ரோலண்ட் பெக்மான் குழு அந்த ஜூலையிலேயே ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டிருந்தது. நம் உடலில் புரதம் செய்யும் இடம் ரைபோசோம். எம்ஆர்என்ஏ என்கிற ஓலை அதற்குள் நுழையும். ஓலையில் எழுதியிருக்கிறபடி புரதம் வெளியே வரும். வைரஸின் என்எஸ்பி1 என்ற புரதம், ஓலை நுழைகிற துவாரத்திலேயே போய் அடைத்துக்கொள்கிறது. ஆபத்து வந்துவிட்டதை உயிரணு உணராமல் இல்லை. இன்டர்ஃபெரான் செய்யச் சொல்லி ஓலையும் எழுதிவிடுகிறது. ஆனால் அதை வாசிக்க ஆளில்லை. வைரஸின் சொந்த ஓலைகளுக்கோ தலைப்பில் ஒரு சிறு மடிப்பு உண்டு. அந்த மடிப்பு இருப்பதால் அவை மட்டும் தடையின்றி வாசிக்கப்படுகின்றன.

இன்டர்ஃபெரானை 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்தார்கள். தொற்றிய உயிரணு தன் அக்கம்பக்கத்து உயிரணுக்களை உஷார்ப்படுத்த வெளியிடும் புரதம் அது. அதை முடக்கிவிட்டால் வைரஸ் நம்மை வென்றுவிட்டதாகப் பொருள் இல்லை. பெரும்பாலோரின் உடல் சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டு வென்றுவிடும். வைரஸுக்கு வேண்டியதும் அந்தத் தாமதந்தான். உடம்பு கொதிக்காமல், இருமல் எழாமல், ஓரிரண்டு நாள் நடமாட விட்டால் போதும். அதற்குள் அது அடுத்த மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே அந்த அடுத்த மனிதர் எவ்வளவு நெருக்கத்தில் படுத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே மீதிக் கதை அமைகிறது. கெடாவில் இது நூறாண்டுக் கதை.

சோழர் கப்பல்கள் கடாரத்துக்கு வந்த 1025-ஐ நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் வந்த கப்பல்களை அவ்வளவாக நினைப்பதில்லை. 1909 உடன்படிக்கையால் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரிடம் போனது. அடுத்த சில ஆண்டுகளில் கூலிம், சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் காடு அழிந்து ரப்பர் எழுந்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ முகாமில் வைத்து அம்மை குத்தி, கப்பல் தளத்தில் நெருக்கி ஏற்றினார்கள். பினாங்கை அடைந்ததும் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைத்தார்கள். பிறகு தோட்டத்து லயம்: ஒரே கூரை, அடுத்தடுத்த அறைகள், ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. அங்கே அதிகம் கொன்றது மலேரியாதான். அது வைரஸ் அல்ல என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

பெரியம்மைக்குப் போவோம். நம் உயிரணுவில் பிகேஆர் என்ற காவலாள் உண்டு. வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏ கண்ணில் பட்டால், உயிரணுவின் புரத உற்பத்தி முழுவதையும் அது நிறுத்திவிடும். தான் பட்டினி கிடந்தாவது வைரஸைப் பட்டினி போடும் வழி அது. அம்மை இனத்து வைரஸ்கள் அந்த நிறுத்தத்தையே நடக்கவிடாமல் செய்கின்றன. பிகேஆர் தாக்கவேண்டிய புரதத்தைப் போலவே ஒரு போலியைச் செய்து அதன் முன் நிறுத்துகின்றன. இரட்டை இழையையும் மூடி மறைக்கின்றன. கொரோனா உற்பத்தியை அடைக்கிறது, அம்மையோ நிற்கவிருந்த உற்பத்தியை ஓட வைக்கிறது. எதிரெதிர் வழிகள், ஆதாயம் ஒன்றே.

இதெல்லாம் தெரியாத காலத்திலேயே தோட்டத்துப் பெண்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால் வெளியார் உள்ளே வரமாட்டார்கள். நோயாளி தனியே, மஞ்சளும் வேப்பிலையுமாக, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை கிடப்பார். தோட்டந்தோறும் எழுந்த மாரியம்மன் கோயில்களை வெறும் அச்சத்தின் சின்னமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிருமிக்கு அடுத்த ஆள் கிடைக்காமல் செய்யும் ஒழுங்கு அந்த வழிபாட்டோடு சேர்ந்தே வந்தது. பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். 1980 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை அதை அறிவித்தது. ஆனால் வேப்பிலை தொங்கிய வாசலும் சில உயிர்களைக் காத்திருக்கும் என்று நம்புகிறேன்.

1918 அக்டோபரில் வந்த இன்ஃபுளுவென்சாவுக்கு அந்த ஒழுங்கு போதவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்ட கொள்ளைநோய் அது. மலாயாவில் தோட்டத்துத் தமிழரை அது கடுமையாகத் தாக்கியது. அலாஸ்காவின் உறைமண்ணில் புதைந்திருந்த உடலின் நுரையீரல் திசு உள்ளிட்ட மாதிரிகளைக் கொண்டு, 2005-இல் அந்த வைரஸையே விஞ்ஞானிகள் மீட்டுருவாக்கினார்கள். இன்ஃபுளுவென்சா நம் ஓலைகளின் தலைப்பை வெட்டித் தன் ஓலைகளில் ஒட்டிக்கொள்ளும். அதன் என்எஸ்1 புரதமோ, நம் உயிரணுவின் ஓலைகள் எழுதி முடிக்கப்படுவதையே கெடுக்கும். 1918 வைரஸின் என்எஸ்1 இந்த வேலையில் கைதேர்ந்தது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. லயத்தில் ஒருவர் விழுந்தால் அடுத்த அறைக்காரர் விலகிப் படுக்க இடமில்லை. வேலைக்குப் போகாவிட்டால் கூலியும் இல்லை. அன்று இறந்தவர்களின் உடம்பு பலவீனம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது வரலாற்றுக்கு அடுக்காது.

உயிரணு எப்படி உஷாராகிறது என்ற இந்த அறிவு நமக்கும் கைகொடுத்தது. வெளியிலிருந்து எம்ஆர்என்ஏவை அப்படியே செலுத்தினால் உயிரணு அதை எதிரி என்று கண்டு உற்பத்தியை நிறுத்திவிடும். ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினால் அந்தக் கலவரம் எழாது என்று கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் 2005 முதல் காட்டினார்கள். 2023-இல் நோபல் பெற்றார்கள். அந்த வழியில் உருவான ஊசி 2021 பிப்ரவரி 24 முதல் மலேசியாவில் போடப்பட்டது. மற்ற வகை ஊசிகளும் சேர்ந்தன. அக்டோபருக்குள் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முழுமையாகப் போட்டுக்கொண்டார்கள். வைரஸ் திருடும் நாள்களை ஊசி முன்கூட்டியே நமக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஊசி பாதி வேலையைத்தான் செய்யும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் நகரங்களுக்கு வந்துவிட்டோம். கூலிமிலும் சுங்கைப்பட்டாணியிலும் தொழிற்சாலை விடுதிகளில் இன்று அடுக்குக் கட்டில்களில் படுப்பவர்கள் வங்காளதேசத்தார், நேப்பாளிகள், மியன்மார்க்காரர்கள். 2020 நவம்பரில் கிள்ளானில் கையுறைத் தொழிலாளரிடையே வெடித்த ‘தெராத்தாய்’ திரள், லயத்தின் கதை வேறு மொழி பேசுபவர்களிடம் தொடர்வதைக் காட்டியது. தோட்ட, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்காக 1990-இல் வந்த சட்டம் 446, 2019-இல் திருத்தப்பட்டு எல்லாத் துறைத் தொழிலாளர் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தங்குமிடத்துக்குச் சான்றிதழ் பெறாமல் ஆளைக் குடிவைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

கெடாவில் தொழில் நடத்தும் நம்மவர் பலர் இன்று முதலாளிகள், மேலாளர்கள், விடுதி நடத்துபவர்கள். அந்தச் சான்றிதழை வாங்குங்கள். கட்டில்களுக்கு இடையே இடம் விடுங்கள். காய்ச்சல் என்று சொல்லும் ஊழியருக்கு அன்றைய சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். கட்டுப்பாட்டுக் காலம் முடிந்துவிட்டது என்பதற்காக அமலாக்க அதிகாரிகளும் ஆய்வைக் கைவிட வேண்டாம். அடுத்த வைரஸ் வந்தபின் சுவரைத் தள்ளிக் கட்ட நேரம் இருக்காது.