5 லட்சம் ரூபாய் காப்பீடு: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்?

'இதயத்தில் அடைப்பு இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும்' என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் இரண்டு கவலைகள் சேர்ந்தே வரும். ஆள் பிழைக்க வேண்டுமே என்பது ஒன்று. பணத்துக்கு எங்கே போவது என்பது இன்னொன்று. பீரோவில் இருக்கும் நகை அடகுக் கடைக்குப் போவதும், பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த பணம் கரைவதும் இப்படித்தான். இந்த இரண்டாவது கவலையைத் தீர்க்கத்தான் அரசு மருத்துவக் காப்பீடு வந்தது. அது முழுசாகத் தீர்ந்ததா என்பதுதான் கேள்வி.

30,000 டு 5 லட்சம்

2008ல் மத்திய அரசு கொண்டுவந்த பழைய காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 30,000 ரூபாய்தான். 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய 'ஆயுஷ்மான் பாரத்' திட்டம் அதை 5 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சுமார் 10.74 கோடி குடும்பங்களுக்கு என்று அறிவிக்கப்பட்ட திட்டம் அது. 2024 அக்டோபரில் 70 வயதைக் கடந்த எல்லோரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அதில் சேர்க்கப்பட்டார்கள்.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்ட மாநிலம். 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று இங்கே ஏற்கெனவே வழி இருந்தது. 2018ல் மத்தியத் திட்டம் மாநிலத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. 2022ல் மாநிலத் திட்டத்தின் தொகையும் 5 லட்சமானது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்.

நன்மை என்ன?

தனியார் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் அந்தக் காத்திருப்பு கிடையாது. நேற்று கண்டுபிடித்த புற்றுநோய்க்கும் இன்று சிகிச்சை பெறலாம். ஆயுஷ்மான் திட்டத்தில் குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது என்ற கட்டுப்பாடு இல்லை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு 15 நாள்களுக்கான மருந்துச் செலவும் சேர்த்தி. வேலைக்காக வெளிமாநிலம் போனவர், அங்கே திட்டத்தில் உள்ள மருத்துவமனையிலும் சேரலாம்.

இன்னொரு பலன், அதிகம் பேசப்படாதது. அரசு மருத்துவமனையில் காப்பீட்டில் சிகிச்சை பெற்றால், அந்தத் தொகை அந்த மருத்துவமனைக்கே வரும். கருவிகள் வாங்கவும் வசதிகளைக் கூட்டவும் அது உதவும்.

தேசிய சுகாதாரக் கணக்குகளும் ஒரு மாற்றத்தைக் காட்டுகின்றன. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14ல் 64.2 சதவிகிதம். 2021-22ல் அது 39.4 சதவிகிதம். காப்பீடு மட்டுமே இதற்குக் காரணம் இல்லை, அரசு சுகாதாரத்துக்குக் கூடுதலாகச் செலவழித்ததும் சேர்ந்துதான் இந்த மாற்றம்.

ஓட்டை எங்கே?

100 ரூபாய் செலவில் 39 ரூபாய் இன்னமும் மக்களின் பாக்கெட்டிலிருந்துதான் போகிறது. காரணம் எளிது. கட்டிலில் படுத்தால் காப்பீடு உண்டு. நடந்து போய் டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எடுத்து, மாத்திரை வாங்கினால் சொந்தக் காசு. வயதான அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 18,000. பத்து ஆண்டுகளில் 1,80,000. ஆபரேஷன் இல்லாமலேயே ஒரு குடும்பத்தின் சேமிப்பு இப்படிக் கரைந்துவிடும்.

இரண்டாவது ஓட்டை, நடுவில் நிற்பவர்கள். ஆண்டுக்கு 1,20,000 என்றால் மாதம் 10,000 ரூபாய். மாதம் 15,000 சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநரின் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடும். தனியார் பாலிசி எடுக்கவும் கையில் மிச்சம் இருக்காது. நாட்டு மக்களில் குறைந்தது 30 சதவிகிதம் பேர் இப்படி எந்தக் காப்பீடும் இல்லாமல் இருப்பதாக நிதி ஆயோக் 2021ல் சொன்னது. தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது ஓரளவு ஆறுதல்.

மூன்றாவது, பணம் பட்டுவாடா. 'பேக்கேஜ் தொகை கட்டுப்படியாகவில்லை, அதுவும் தாமதமாக வருகிறது' என்பது தனியார் மருத்துவமனைகளின் புகார். 2025 ஆகஸ்ட்டில் ஹரியானாவில் நூற்றுக்கணக்கான தனியார் மருத்துவமனைகள், நிலுவை வரவில்லை என்று இந்தத் திட்டத்தில் சிகிச்சை தருவதையே நிறுத்தின. இன்னொரு பக்கம், சுமார் 7.5 லட்சம் பயனாளிகளின் பெயர்கள் ஒரே செல்போன் எண்ணில் பதிவாகியிருந்ததை 2023ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். பயனாளியை உறுதிசெய்வது ஆதார் மூலம்தான், செல்போன் எண்ணால் அல்ல என்று அரசு விளக்கம் தந்தது.

அடுத்த சீர்திருத்தம்

ஆயுஷ்மான் பாரத் அறிவிக்கப்பட்டபோது அதற்கு இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று இந்த 5 லட்சம். இன்னொன்று, ஊர்தோறும் பரிசோதனையும் மாத்திரையும் தரும் 1,50,000 சுகாதார நல மையங்கள். முதல் பகுதிக்குக் கிடைத்த வெளிச்சம் இரண்டாவதுக்குக் கிடைக்கவில்லை. ஆனால், குடும்பத்தின் மாதச் செலவைக் குறைப்பது அந்த இரண்டாவதுதான். தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஒழுங்காக மாத்திரை சாப்பிடுபவருக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து குறைகிறது. அதனால் காப்பீட்டுக்கும் செலவு மிச்சம். எனவே காப்பீட்டுத் தொகையைக் கூட்டும் ஒவ்வொரு முறையும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எவ்வளவு கூடியது என்றும் கேட்க வேண்டும்.

குடும்பங்கள் இப்போதே செய்ய வேண்டியவை

* அட்டை வாங்க நோய் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம்.

* 5 லட்சம் என்பது குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஓராண்டுக்கு. ஆளுக்கு 5 லட்சம் இல்லை.

* அட்மிஷனுக்கு முன்பே, அந்த மருத்துவமனையும் அந்தச் சிகிச்சையும் திட்டத்தில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாநிலத் திட்டத்துக்கு 1800 425 3993, ஆயுஷ்மானுக்கு 14555.

* மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள், நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்பது நல்லது. அதில் கட்டிலில் படுக்காமலே டாக்டரைப் பார்க்கலாம், மாத்திரையும் கிடைக்கும்.