கிழிந்தால் கிழியட்டும்

ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் மூடியதும், பிள்ளைகளுக்கு விடுமுறையில் வாசிக்க என்ன வாங்கித் தரலாம் என்று நண்பர்கள் எங்களிடம் கேட்பது ஆண்டுதோறும் நடப்பது. நாங்களும் ஆர்வத்தோடு பட்டியல் கொடுப்போம். ஜூன் மாதத்தில் விசாரித்தால், அவற்றுள் பாதி நூல்கள் மேலட்டை கசங்காமல் அலமாரியில் இருக்கும். பட்டியலில் பிழையில்லை என்றே இன்றும் நம்புகிறோம். பிழை வேறிடத்தில் இருக்கிறது.

நாளொன்றுக்குப் பத்துப் பக்கம், முடித்ததும் சுருக்கம் எழுது, இந்தக் கதையால் அறிந்த நீதி என்ன? இவ்வாறு கேட்கத் தொடங்கினால் எந்தக் கதையும் பாடமாகிவிடும். பாடத்திலிருந்து தப்பிக்கத்தானே விடுமுறை! நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அம்புலிமாமாவுக்காக அடித்துக்கொண்டோம். அதில் மாதம் தவறாமல் கேள்வி கேட்ட வேதாளமும் விக்கிரமாதித்தனைத்தான் கேட்டது. எங்களை ஒருவரும் கேட்கவில்லை. முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துப் படித்தவர்களே எங்களுள் பெரும்பான்மையோர். வாசிப்புப் பழக்கம் எங்களுக்கு அவ்வழியேதான் வந்தது.

1947-இல் தொடங்கிய அம்புலிமாமா 2013-இல் நின்றது. 1972 முதல் வந்த கோகுலத்தின் அச்சுப் பதிப்பு 2020-இல் நின்றது. தெருமுனை வாடகை நூலகங்களும் அநேகமாக மறைந்துவிட்டன. புத்தகம் வாங்கும் வழக்கமோ வசதியோ இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சியிருப்பது அரசின் கிளை நூலகம் ஒன்றே.

அத்தகைய ஒரு நூலகத்துக்கு எங்களில் ஒருவர் சென்ற மே மாதம் தம் அக்காவின் மகளை அழைத்துச் சென்றார். ஒன்பது வயதுச் சிறுமி. சிறுவர் நூல்கள் ஒரு கண்ணாடி பீரோவுக்குள் பூட்டப்பட்டிருந்தன. அவள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, தெரிந்த தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தாள். "திறந்து வச்சா கிழிச்சிடுவாங்க சார்" என்றார் நூலகர். நெடுநேரம் கேட்ட பிறகு ஒரு தெனாலிராமன் கதைநூல் வெளியே வந்தது. புத்தம் புதிதாக இருந்தது. உள்ளே குத்தியிருந்த முத்திரையின்படி, அது நூலகத்துக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நூலகரை மட்டும் நோவதில் பயனில்லை. கணக்கெடுப்பில் ஒரு நூல் குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஒரு நூல் ஆறாண்டுகள் எவராலும் தொடப்படாமல் கிடந்ததற்கு எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை. இந்தக் கணக்கே தலைகீழானது என்கிறோம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே உரியவை என்பது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே, நாம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். நூறு பிள்ளைகள் புரட்டிக் கிழிந்த புத்தகம் அந்தப் பணத்துக்குக் கிடைத்த வரவு. பீரோவில் பளபளப்பாக இருப்பதுதான் செலவு.

மே மாதம் முழுவதும் அந்த பீரோக்கள் திறந்திருக்கட்டும். பெற்றோரும் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கித் தரட்டும். எதை எடுப்பது என்பதை அது முடிவு செய்யட்டும். பாதியில் வைத்துவிட்டால் வைக்கட்டும், ஒரே நூலைப் பத்துமுறை படித்தாலும் படிக்கட்டும். (பெரியவர்களான நாம் பாதியில் விட்ட நாவல்களை யாராவது கணக்கெடுக்கிறார்களா என்ன?)

ஓர் ஞாயிற்றுக்கிழமை வந்து, கிழிந்த நூல்களையெல்லாம் ஒட்டியும் தைத்தும் தருகிறோம் என்று அந்த நூலகரிடம் சொல்லியிருக்கிறோம். பசையும் ஊசிநூலும் எங்கள் செலவு. ஒட்டுவதற்கு முதலில் கிழியவேண்டுமே என்று சிரித்தார். சாவியைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.