கயிற்றைக் கேளுங்கள், கணக்கு வரும்!

குட்டி நண்பர்களே, பள்ளி விளையாட்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு கேள்வி. இந்தப் பக்க அணி 500 நியூட்டன் விசையுடன் இழுக்கிறது. அந்தப் பக்க அணியும் அதே 500 நியூட்டன். கயிறு அசையவே இல்லை. கயிற்றில் உள்ள இழுவிசை எவ்வளவு?

"இரண்டையும் கூட்டினால் 1,000" என்பார்கள் சிலர். "எதிரெதிராக இழுப்பதால் பூஜ்யம்" என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு! சரியான விடை 500. நானும் மாணவனாக இருந்தபோது 1,000 என்று எழுதி, சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கியவன்தான்.

எப்படி 500? எதிரணியை அனுப்பிவிட்டு, கயிற்றின் அந்த முனையை ஒரு வேப்பமரத்தில் கட்டுங்கள். இந்த அணி 500 நியூட்டனில் இழுத்தால், மரமும் 500 நியூட்டனில் பிடித்து நிற்கும். இல்லாவிட்டால் கயிறு நம் பக்கம் வந்துவிடுமே! எதிரணி செய்ததும் இந்த மரத்தின் வேலையைத்தான்.

'இழுவிசைக் கணக்கா? சூத்திரத்தை மனப்பாடம் செய்' என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சூத்திரம் கடைசியில் வரட்டும். முதலில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே படம் போடுங்கள். 'இதை யார், எந்தப் பக்கம் இழுக்கிறார்கள்?' என்று கேளுங்கள்.

ஒரு ரயிலை எடுத்துக்கொள்வோம். ஒரே நிறையுள்ள மூன்று பெட்டிகளை எஞ்சின் 30,000 நியூட்டன் விசையால் இழுக்க, ரயில் வேகமெடுக்கிறது. உராய்வை விட்டுவிடுவோம். எல்லாக் கொக்கிகளிலும் இழுவிசை 30,000 தானா? கடைசிப் பெட்டியை மட்டும் தனியே வரையுங்கள். மூன்று பெட்டிகளுக்கு 30,000 என்றால், இந்த ஒன்றுக்கு 10,000 போதும். எனவே, கடைசிக் கொக்கியில் 10,000 நியூட்டன். நடுக் கொக்கிக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், அதனால் 20,000. எஞ்சினை ஒட்டிய கொக்கிக்குத்தான் முழு 30,000. பார்த்தீர்களா, சூத்திரமே இல்லாமல் விடை வந்துவிட்டது!

இன்னொரு குழப்பம், இழுவிசையையும் திறனையும் ஒன்றென்று நினைப்பது. 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து, தண்ணீரோடு 10 கிலோ உள்ள வாளியை இழுக்கிறீர்கள். சீரான வேகத்தில் இழுத்தால், மெதுவாக இழுத்தாலும் விரைவாக இழுத்தாலும் கயிற்றில் இழுவிசை சுமார் 100 நியூட்டன்தான். செய்யும் வேலையும் அதே 1,000 ஜூல். ஆனால், 20 விநாடியில் இழுத்தால் உங்கள் திறன் 50 வாட். 10 விநாடியில் இழுத்தால் 100 வாட்! விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். கயிற்றுக்குத் தெரியாத வித்தியாசம், மூச்சு வாங்கும் உங்களுக்குத் தெரியும்.

"தேர்வில் படம் போட நேரம் ஏது?" என்று கேட்கிறீர்களா? படத்துக்கு அரை நிமிடம் போதும். தவறான சூத்திரத்தைப் போட்டு, அடித்து, மீண்டும் எழுதத்தான் அதிக நேரம் ஆகும். இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமும் அல்ல. நாளை உங்களில் ஒருவர் லிப்ட்டுக்கோ, கிரேனுக்கோ கம்பிக் கயிறு தேர்ந்தெடுக்கும் பொறியாளர் ஆகலாம். அந்தக் கணக்கு தவறினால் சிவப்பு மையோடு போகாது, உயிரே போகும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பாடம் நடத்தும் அன்று வகுப்புக்கு ஒரு கயிறும், இரண்டு சுருள்வில் தராசுகளும் கொண்டு வாருங்கள்.

மாணவர்களே, அந்தத் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி, நண்பனோடு ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பாருங்கள். யார் பலசாலியாக இருந்தாலும் சரி, இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள், சரிதானே?